குதிர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தானியச் சேமிப்பைப் பற்றிப் பேச எழுந்தால் முதலில் வரும் கேள்வி வண்டைப் பற்றியதாகவோ எலியைப் பற்றியதாகவோ இருப்பதில்லை. "ஐயா, எத்தனை கிலோ பெட்டி வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறீர்கள். இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், உங்கள் வீட்டுக்கு ஏற்ற எண்ணை நீங்களே கண்டுபிடித்துக் கொள்ளலாம். அதற்கு ஓர் அளவு நாடா, ஒரு வாளி, ஒரு தராசு இருந்தால் போதும். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்காவின் வீட்டுக்கு யோசனை சொன்னேன். "சிறியதாக வாங்கி என்ன பயன்? ஒரு டன் பிடிக்கும் தகரக் குதிராகவே வாங்கிவிடுங்கள், நெல் பத்திரமாக இருக்கும்" என்றேன். அத்தானும் என் படிப்பை நம்பி வாங்கிவிட்டார். நான்கு அடி குறுக்களவு, ஐந்து அடி உயரம். வண்டியிலிருந்து இறக்கிய பிறகுதான் தெரிந்தது, வீட்டு வாசல் மூன்றடி அகலம் என்பது. குதிர் உள்ளே போகவில்லை. மேற்குப் பார்த்த தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்த சிக்கல் நெல்லில் வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு ரகம், இட்லிக்கு ஒரு ரகம் என்று இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒரே குதிரில் இரண்டையும் கொட்ட முடியாது அல்லவா? ஆகவே சாப்பாட்டு நெல்லை மட்டும் 400 கிலோ போட்டார்கள். தையில் போட்டது. வாரம் ஒருமுறை திறந்து எடுத்தார்கள். ஆடி மாதம் நான் போனபோது அக்கா என்னை அழைத்துச் சென்று மூடியைத் திறந்து காட்டினார். முகத்தில் வெப்பம் அடித்தது. அந்துப்பூச்சிகள் பறந்தன. மூடிக்குக் கீழே தகட்டின் ஓரமாக நெல் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தது. "தம்பி, உன் குதிருல நெல்லைவிட காத்துதாண்டா நெறைய இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்றும் மறக்கவில்லை. எஞ்சியிருந்த நெல்லில் ஒரு பகுதி கோழிக்குப் போயிற்று.

அக்கா சொன்னது முழு உண்மை. அந்தக் குதிரின் கொள்ளளவு சுமார் 63 கன அடி. 400 கிலோ நெல் பிடித்த இடம் 25 கன அடிதான். எஞ்சிய 38 கன அடியும் காற்று. பூச்சிக்கு மூச்சு விட அந்தக் காற்று போதும். மேலும், பகலில் மேற்கு வெயிலில் தகடு சுடும், இரவில் குளிரும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு நீர்த்துளியாகும். அது நெல்லின் மேல் சொட்டும். வெற்றிடம் அதிகமாக இருந்தால் இந்தத் தொல்லையும் அதிகம். குதிர் நல்ல குதிர்தான், நெல்லும் நல்ல நெல்தான். அளவுதான் பொருந்தவில்லை.

எடை வேறு, இடம் வேறு

நம் பெரியவர்கள் நெல்லை மரக்காலாலும் கலத்தாலும் அளந்தார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அது இடத்தை அளக்கும் அளவு. நாம் கிலோவுக்கு மாறிய பிறகு எடையில் பேசுகிறோம். விற்பதற்கு எடை சரி. ஆனால், குதிருக்கு எடை தெரியாது. அதற்கு இடம்தான் தெரியும். ஆகவே, கிலோவை இடமாக மாற்றிக் கொள்வது முதல் வேலை.

ஒரு கன அடி இடத்தில், அதாவது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியில், காய்ந்த நெல் ஏறத்தாழ 16 கிலோ பிடிக்கும். அரிசி என்றால் 22 கிலோவுக்கு மேல் பிடிக்கும். மக்காச்சோளம் 20 கிலோ. உளுந்து, பாசிப்பயறு போன்றவை 23 கிலோ அளவில் இருக்கும். தோலோடு கூடிய நிலக்கடலை 8 கிலோதான். ரகத்திற்கும் ஈரத்திற்கும் ஏற்ப இவை சற்றுக் கூடும், குறையும்.

உங்கள் ரகத்திற்குச் சரியான எண் வேண்டுமானால் ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாளியில் லிட்டர் படியால் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, நீர் மட்டம் நிற்கும் இடத்தில் உட்புறம் கோடு போட்டுக் கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டி, வாளியைத் துடைத்துக் காயவைத்து, அந்தக் கோடு வரை நெல்லைப் போட்டு எடை பாருங்கள். வாளியின் எடையைக் கழித்து வரும் கிலோவை 2.8 ஆல் பெருக்கினால், ஒரு கன அடியில் உங்கள் நெல் எவ்வளவு பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடையில் விற்கும் குதிரின் மேல் '10 குவிண்டால்' என்று எழுதியிருக்கும். எந்தத் தானியத்திற்கு 10 குவிண்டால் என்று கேட்க வேண்டும். கோதுமைக் கணக்கில் எழுதியிருந்தால், அதே குதிரில் நெல் ஏழரைக் குவிண்டால்தான் பிடிக்கும். கோதுமை கனமானது, நெல்லுக்கு உமி இருப்பதால் இடம் அடைக்கும். ஆகவே மேலே எழுதியிருப்பதை விட்டுவிட்டு, அளவு நாடாவை எடுங்கள். வட்டக் குதிர் என்றால் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் உள்ள உயரத்தால் பெருக்கி, கடைசியில் பன்னிரண்டரையால் பெருக்குங்கள். வருவது நெல்லின் கிலோ. மூன்றடி குறுக்களவும் நான்கடி உயரமும் உள்ள குதிரில் மூன்று மூன்று ஒன்பது, நான்கால் பெருக்க முப்பத்தாறு, பன்னிரண்டரையால் பெருக்க 450 கிலோ. சதுரப் பெட்டி என்றால் இன்னும் எளிது: நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பதினாறால் பெருக்கினால் போதும்.

ஒரு சிறு எச்சரிக்கை. வாயில் நின்று கொட்டினால் நெல் நடுவில் கூம்பாகக் குவியும். ஓரங்களில் வெற்றிடம் நிற்கும். மூன்றடிக் குதிரில் இப்படிச் சுமார் 100 கிலோ நெல்லுக்கான இடம் வீணாகிவிடும். பிறகு "குதிர் சொன்ன அளவு பிடிக்கவில்லை" என்று செய்தவரோடு சண்டை வரும். கையை விட்டுச் சமன் செய்து நிரப்புங்கள்.

விளைச்சலைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

பெரும்பாலோர் செய்யும் பிழை, வயலில் எவ்வளவு விளைந்ததோ அதற்கு ஏற்பக் குதிர் தேடுவது. விளைந்ததில் பெரும்பகுதி களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்திற்கோ வியாபாரியிடமோ போய்விடுகிறது. வீட்டில் தங்குவது எவ்வளவு, எத்தனை மாதம் தங்குகிறது என்பதே கேள்வி.

ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் வீடுகளில் சொந்த நெல்லின் தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. தாத்தா காலத்துக் குதிரின் அளவை இன்று அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடை அரிசி போக, சொந்த நெல்லிலிருந்து மாதம் 40 கிலோ அரிசி வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். தையில் சம்பா அறுவடை. குறுவையும் போடுகிற வீடு என்றால் அடுத்த நெல் புரட்டாசியில் வந்துவிடும். இடையில் எட்டு மாதம். எட்டு மாதத்திற்கு 320 கிலோ அரிசி. ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அளவில் அரிசி கிடைப்பதாகக் கொண்டால், 490 கிலோ நெல் வேண்டும். ஊர்த் திருவிழா, விருந்தினர், ஆள்கூலிக்கு அளக்கும் நெல் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து 550 கிலோ என்று வைத்துக் கொள்ளலாம்.

அதே குடும்பம் சம்பா ஒன்றுதான் போடுகிறது என்றால் கணக்கு மாறிவிடும். பன்னிரண்டு மாதத்திற்கு நெல் 740 கிலோ. மேற்செலவு சேர்த்து 820 கிலோ. அதே வீடு, அதே வயிறு. ஆனால் குதிர் ஒன்றரை மடங்கு. ஆகவே பக்கத்து வீட்டில் என்ன வாங்கினார்கள் என்பது உங்களுக்கு உதவாது.

ஒன்றா, இரண்டா?

550 கிலோ வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மூன்றடி குறுக்களவும் ஐந்தடி உயரமும் கொண்ட ஒரே குதிர் வாங்கினால் 560 கிலோ பிடிக்கும். இரண்டரை அடி குறுக்களவும் மூன்றரை அடி உயரமும் கொண்ட இரண்டு குதிர்கள் வாங்கினாலும் 546 கிலோ பிடிக்கும். எது நல்லது?

தகடு எவ்வளவு செலவாகும் என்று பார்த்தால் ஒரே குதிர்தான் சிக்கனம். ஒன்றுக்கு 61 சதுர அடித் தகடு போதும். இரண்டுக்கு 75 சதுர அடி வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், கூலியும் கூடும். இதை மறைத்து உங்களுக்கு யோசனை சொல்வது நியாயமாகாது. ஆனாலும் நான் இரண்டு என்றுதான் சொல்வேன். காரணம் இது:

நெல் அந்துப்பூச்சி குவியலின் ஆழத்திற்குப் போகாது. மேற்பரப்பில் ஓரடி ஆழம் வரைதான் அதன் ஆட்டம். ஆனால், நீங்கள் வாராவாரம் நெல் எடுக்கும்போது நேற்று ஆழத்தில் இருந்த நெல் இன்று மேற்பரப்பாகிறது. ஒரே குதிரில் இருந்தால் எட்டு மாதமும், சுமார் 35 முறை, எல்லா நெல்லுக்குமாகச் சேர்த்து மூடியைத் திறக்கிறீர்கள். இரண்டு குதிர் இருந்தால் முதல் நான்கு மாதம் ஒன்றை மட்டும் திறப்பீர்கள். மற்றொன்று நிரப்பிய நாளிலிருந்து வாய் மூடியபடியே இருக்கும். அரிசிக் கூன்வண்டு முட்டையிலிருந்து வண்டாக நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒரு தாய் வண்டு 300 முட்டைகள் வரை இடக்கூடியது. நான்கு மாதம் திறக்காமல் இருப்பதன் அருமை இப்போது விளங்கும். நிறைந்து மூடிய குதிரில் காற்றும் குறைவு. இருக்கிற காற்றில் உள்ள பிராணவாயுவையும் பூச்சிகளே குறைத்துவிட்டுத் தாமே மடங்கிப் போகும். இதற்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, ரகம் கலக்காது. இட்லி நெல் ஒன்றில், சாப்பாட்டு நெல் ஒன்றில். மூன்றாவது, வீட்டு வாசலில் நுழையும். (என் அக்கா வீட்டுக் கதை!) நான்காவது, உயரம். ஐந்தடிக் குதிரின் அடியில் கிடக்கும் கடைசி நெல்லை எடுக்கப் பெண்கள் ஏணி வைத்துத் தலைகீழாகத் தொங்க வேண்டியிருக்கும். கீழே வாய் வைத்த குதிராயினும் உள்ளே துடைக்கக் கை எட்ட வேண்டும். அடியைத் துடைக்காமல் புது நெல்லைக் கொட்டினால் பழைய வண்டு புது நெல்லுக்கு வித்தாகிவிடும். மூன்றரை அடி என்றால் நின்றபடி குனிந்து துடைக்கலாம்.

அப்படியானால் பத்துச் சிறு பெட்டிகள் வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அளவு சிறுக்கச் சிறுக்கக் கிலோவுக்கு ஆகும் தகட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகும். வீட்டில் நடக்கவும் இடம் இருக்காது. இரண்டு, மிஞ்சினால் மூன்று.

நம் பழைய உறைக்குதிரில் இந்த அறிவு இருந்தது. மண்ணால் சுட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் சாணமும் மண்ணும் பூசியிருப்பார்கள். நெல் குறையக் குறைய என் பாட்டி மேல் உறையை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, மூடியை அடுத்த உறையின் மேல் வைத்துப் பூசிவிடுவார். குதிரே நெல்லோடு சேர்ந்து சிறுத்துக்கொண்டு வரும். வெற்றிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தகரக் குதிரில் இது முடியாது. ஆகவேதான் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறேன்.

ஈரம் இருந்தால் எந்த அளவும் பயன்படாது

கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை நெல் எடுத்துக் கொள்வது வழக்கம். மழைக் காலங்களில் அரசு இதைத் தளர்த்தியும் இருக்கிறது. "அங்கே எடுத்துக் கொண்டார்களே, அதே நெல்தானே" என்று வீட்டுக் குதிரிலும் கொட்டிவிடுகிறார்கள். விற்கத் தகுந்த ஈரம் வேறு, வைக்கத் தகுந்த ஈரம் வேறு. பல மாதம் குதிரில் இருக்க வேண்டிய நெல் 12 முதல் 13 சதவீதத்திற்கு வந்திருக்க வேண்டும். முன்பு அரிக்கட்டு வயலில் கிடந்தும் போரில் இருந்தும் காய்ந்தது. இப்போது இயந்திரம் அறுத்த அன்றே நெல் களத்திற்கு வந்துவிடுகிறது. காய்வதற்கு அவகாசமே இல்லை. ஆகவே காயவைக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை. நன்கு வறுத்து ஆறிய உப்பைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் போட்டு, அதன்மேல் கால் பாகம் நெல்லைப் போட்டு மூடிக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து உப்பு புட்டியின் சுவரில் ஒட்டியிருந்தால் நெல் இன்னும் ஈரம். ஒட்டாமல் உதிர்ந்தால் 15 சதவீதத்திற்குக் கீழே வந்திருக்கிறது. இன்னும் ஒரு வெயில் காட்டிவிட்டு, நிழலில் ஆறவைத்து, பிறகு கொட்டலாம். சூட்டோடு கொட்டக் கூடாது.

காயவைத்தால் எடை குறையுமே என்பது உங்கள் கவலை. குறையத்தான் செய்யும். 17 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 12 சதவீதத்திற்குக் காயவைத்தால் 943 கிலோ நிற்கும். போன 57 கிலோவும் தண்ணீர். உங்கள் அரிசியில் ஒரு மணியும் குறையவில்லை. குதிரின் அளவைக் கணக்கிடும்போது காய்ந்த பிறகு உள்ள எடையையே எடுத்துக் கொள்ளுங்கள்.

பயறும் கடலையும்

பயறு வகைகளுக்குப் பெரிய பெட்டி கூடவே கூடாது. பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு வீட்டுக்கு வந்து சேருகிறது. மூன்று, நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை. ஆகவே உளுந்து, துவரையை 9 முதல் 10 சதவீதம் வரை காயவைத்து, கூடிய விரைவில் உடைத்துப் பருப்பாக்கி வைத்துவிடுங்கள். உடைத்த பருப்பில் அந்த வண்டு பெருகாது. முழுப் பயறாகவே வைக்க வேண்டியிருந்தால் சிறு பாத்திரங்களில், மேலே மூன்று அங்குலம் காய்ந்த மணல் பரப்பி வையுங்கள். மணலுக்கும் இடம் வேண்டும் என்பதை அளவில் சேர்த்துக் கொள்ளுங்கள். விதைப் பயறு எவ்வளவு என்றாலும் தனி.

தோல் நிலக்கடலை நெல்லைப்போல் இரு மடங்கு இடம் அடைக்கும். அதற்காகக் குதிர் வாங்குவது கட்டாது. நன்கு காய்ந்த கடலை சாக்கில் இருக்கட்டும். ஈரத்தோடு அடைத்துவிட்டால் பூசண நஞ்சு உண்டாகும். அந்தக் கடலை மாட்டுக்கும் ஆகாது.

விற்பனை நெல்லுக்கு அறை

அறுவடை நேரத்து விலை பிடிக்காமல் மூட்டையாக வைத்து விற்கலாம் என்று நினைப்பவர்களும் இங்கே இருப்பீர்கள். 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. எத்தனை மூட்டை வைக்கலாம்? 60 கிலோ மூட்டை ஒன்றைப் படுக்கவைத்தால் நாலரை சதுர அடி இடம் பிடிக்கும். சுவரிலிருந்து சுவர் வரை, ஐந்து அடுக்கு என்று கணக்குப் போட்டால் 130 மூட்டை வருகிறது. அடுக்கவும் முடியும். ஆனால் சுவரின் ஈரம் மூட்டைக்கு ஏறும். எலி எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. அடிமூட்டையில் வண்டு வந்தால் 129 மூட்டையைத் தூக்கிய பிறகுதான் தெரியும்.

சுற்றிலும் இரண்டடி நடைபாதை விடுங்கள். கீழே மரச்சட்டம் போடுங்கள். அப்போது அந்த அறையில் ஆறடிக்கு ஏழரை அடியில் ஓர் அட்டிதான் நிற்கும். ஓர் அடுக்குக்குப் பத்து மூட்டை, ஐந்து அடுக்கு, ஆக 50 மூட்டை. 130 எங்கே, 50 எங்கே என்று தோன்றும். அந்த 50 மூட்டையும் முழுதாகத் திரும்பி வரும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

மாடி அறையில் அடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மாடித் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்தைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகிறது. ஐந்து அடுக்கு நெல் மூட்டை அதே இடத்தில் 700 கிலோவுக்கு மேல் அழுத்தும். கீழே பிள்ளைகள் படுத்திருப்பார்கள். வேண்டாம்.

ஐம்பது மூட்டைக்கு மேல் போனால் வீட்டில் இடம் தேடுவதைவிட ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கையோ, 1958 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் கிடங்கையோ விசாரித்துப் பாருங்கள். அங்கே அறையின் அளவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எத்தனை மூட்டை, எத்தனை நாள் என்பதே கணக்கு. விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்த விளைபொருளின் மேல் பொருளீட்டுக் கடனும் கிடைக்கும். ஆனால், வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, கடன் வட்டி மூன்றையும் கூட்டி, எதிர்பார்க்கும் விலை உயர்வோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வண்டி கட்டுங்கள். கணக்கில் நிற்காவிட்டால் களத்திலேயே விற்பதும் நல்ல முடிவுதான், அதில் வெட்கமில்லை.

மருந்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். முன்பு வீட்டுக் குதிருக்குக் கண்ணாடிக் குப்பியில் ஈ.டி.பி. மருந்து பரிந்துரைக்கப்பட்டது, அது 2001 இல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நீங்களாக வாங்கி வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. அதன் புகை மனிதரைக் கொல்லும். நெல்லுக்குள் செருகி வைக்கும் பூச்சிப்பொறி ஒன்றை நம் பல்கலைக்கழகம் உருவாக்கித் தந்திருக்கிறது. துளையிட்ட குழாய் போன்றது. அதை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால், எந்தக் குதிரை முதலில் காலி செய்ய வேண்டும் என்பதைப் பூச்சிகளே சொல்லிவிடும்.

இனி, வாங்கும் நாள். தை அறுவடைக்குக் குதிர் வேண்டுமானால் கார்த்திகையிலேயே பட்டறையில் சொல்லி வையுங்கள். களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஓடினால், கையிருப்பில் உள்ள அளவையே உங்கள் தலையில் கட்டுவார்கள். போகும்போது வாசலின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். குதிர் வந்ததும் இரவில் உள்ளே விளக்கெரியும் டார்ச்சை வைத்து மூடியை மூடிப் பாருங்கள். எந்த ஓட்டையிலிருந்து வெளிச்சம் வருகிறதோ அதில் வண்டு வரும், அதைப் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். வெயில் படாத இடத்தில், செங்கல் அடுக்கி அல்லது பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

கடைசியாக ஒரு தாய்மார் கேட்டது. "தகரக் குதிர் வாங்க இப்போ வசதியில்லீங்க. பிளாஸ்டிக் டிரம்முல வைக்கலாமா?" என்றார். வைக்கலாம். 200 லிட்டர் டிரம் ஒன்றில் நெல் சுமார் 115 கிலோ பிடிக்கும். முன்பு நாம் கணக்கிட்ட 550 கிலோவுக்கு ஐந்து டிரம் போதும். ஒன்றைத் திறந்தால் நான்கு மூடியிருக்கும், வாசலிலும் நுழையும். எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு எதை வைத்திருந்த டிரம் என்று விற்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அது நெல்லுக்கு ஆகாது.